தட்டைச் சின்னதாக்கினால் சாப்பாட்டின் அளவு குறையுமா?

கேள்வி: வளையம்

எடை குறைக்க நினைக்கும் யாருக்கும் முதலில் கிடைக்கும் யோசனைகளில் ஒன்று, "தட்டை மாற்றிப் பாருங்கள்". 28 செ.மீ. தட்டில் சாப்பிடுகிறவர் 23 செ.மீ. தட்டுக்கு மாறினால், தன்னை அறியாமலேயே குறைவாகச் சாப்பிடுவார் என்கிறார்கள். சிலர் 20 சதவீதம் குறையும் என்று கணக்கே சொல்லிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், இந்த ஆய்வுகளெல்லாம் பொய்த்துப்போயின, தட்டுக்கும் வயிற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் படிக்க நேர்கிறது.

எது சரி? உண்மையிலேயே பலன் உண்டு என்றால் எந்த நிலைமையில், எவ்வளவு? நான்கு பேர் இருக்கும் வீட்டில் பத்து நாள், பதினைந்து நாளில் இதைச் சோதித்துப் பார்க்க நம்பகமான வழி இருக்கிறதா? பொதுவான அறிவுரை வேண்டாம். அளவு, எண், செய்முறை தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: தராசுமுள்

தட்டின் வேலை பரிமாறும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. உணவு தட்டில் விழுந்த பிறகு, அது எந்தத் தட்டில் இருக்கிறது என்பது வாய்க்குள் போகும் அளவை அநேகமாக மாற்றுவதில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோலத் தெரியும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போய்விடும்.

முதலில் கண் ஏமாறும் இடம். 1865-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் டெல்பூஃப் விவரித்த ஒரு காட்சிப்பிழை இதன் அடிப்படை. ஒரே அளவுள்ள இரண்டு வட்டங்களை வரையுங்கள். ஒன்றைச் சுற்றி நெருக்கமாக ஒரு வளையம், மற்றதைச் சுற்றித் தள்ளி ஒரு பெரிய வளையம். நெருக்கமான வளையத்துக்குள் இருக்கும் வட்டம் பெரிதாகவும், அகலமான வளையத்துக்குள் இருப்பது சிறிதாகவும் தோன்றும். தட்டின் விளிம்புதான் அந்த வளையம்; உணவுதான் உள்வட்டம். 14 செ.மீ. அகலத்துக்குப் பரப்பிய சாதம் 18 செ.மீ. தட்டில் நிறைவாகத் தெரியும். அதே சாதம் 28 செ.மீ. தட்டில் "இவ்வளவுதானா" என்று தோன்றும். கை இன்னொரு கரண்டிக்குப் போகும்.

ஆனால் இந்த ஏமாற்றத்துக்கு ஓர் எல்லை உண்டு. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்தது மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவர்கள் பெரிய தட்டிலும் சின்னத் தட்டிலும் இருந்த பீட்சாவின் அளவைச் சற்றுமுன் சாப்பிட்டவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். உணவல்லாத வட்டங்களைக் காட்டியபோது பசித்தவர்களும் மற்றவர்களைப்போலவே ஏமாந்தார்கள். பசித்த கண், உணவு என்று வந்தால் மட்டும் கூர்மையாகிவிடுகிறது. ஆகவே, நல்ல பசியோடு உட்காரும் மதியச் சாப்பாட்டில் தட்டு ஏமாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது எண்கள். 2007-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு 17, 22, 26 செ.மீ. தட்டுகளை வைத்து மூன்று சோதனைகள் செய்தது. ஒன்றில் பெரிய பாத்திரத்திலிருந்து அவரவரே போட்டுக்கொண்டார்கள். இன்னொன்றில் ஒரே அளவு உணவை மூன்று தட்டுகளிலும் வைத்துக் கொடுத்தார்கள். மூன்றாவது, ஐந்து வகை உணவுள்ள பஃபே. மூன்றிலும் தட்டுக்கும் சாப்பிட்ட அளவுக்கும் சொல்லத்தக்க தொடர்பு தெரியவில்லை. பஃபேயில் சின்னத் தட்டு பெற்றவர்கள் அதிகத் தடவை எழுந்துபோய் எடுத்துவந்தார்கள். காரணம் அதுதான்: வயிறு கேட்பதை இரண்டாவது நடை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு 2019-இல் 134 பேரை வைத்து 23 செ.மீ., 29 செ.மீ. தட்டுகளை ஒப்பிட்டபோதும் வித்தியாசம் சுமார் 3 சதவீதம்தான். அது தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

மறுபக்கம், 2016-இல் ஹோல்டன், ஸ்லாட்டெவ்ஸ்கா, டுபெலார் ஆகிய மூவர் 56 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். தட்டின் பரப்பு பாதியானால், உணவு சராசரியாக 30 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள்: சாப்பிடுகிறவர் தானே போட்டுக்கொள்ள வேண்டும், தன்னைக் கவனிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வேறொருவர் அளந்து போட்டுக் கொடுத்தால் தட்டின் பலன் மறைந்துவிடுகிறது.

நீங்கள் கேட்ட 20 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்பதை இதிலேயே பார்க்கலாம். பரப்பு, விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 23-ஐ 28-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.675. அதாவது பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. மேற்சொன்ன விகிதத்திலேயே நீட்டிக் கணக்கிட்டால் உணவு 18 சதவீதம் குறைய வேண்டும். எல்லா நிபந்தனையும் கூடிவந்தால் கிடைக்கும் மேல்வரம்பு அது. மறுபடி போட்டுக்கொள்ளும் வசதி இருக்கும் வீட்டில் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

பதில் 2: ஏட்டுச்சுவடி

தராசுமுள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். "பொய்த்துப்போன ஆய்வு" என்ற பேச்சு எழுந்ததற்குக் காரணம் இருக்கிறது.

பெரிய தட்டு, பெரிய கிண்ணம், அகலமான டம்ளர் என்று உலகம் முழுவதும் பரவிய பல முடிவுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை. அதன் தலைவர் பிரையன் வான்சிங்க். 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா குழும இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் விலக்கிக்கொண்டன. தரவுகளைத் தவறாக அறிவித்தது, பொருந்தாத புள்ளியியல் முறைகள், மூலத் தரவுகளைச் சரிவரப் பாதுகாக்காதது முதலிய குறைகளைக் கண்டதாக அந்தப் பல்கலைக்கழகமும் அறிவித்தது. வேண்டுமென்று எதையும் திரிக்கவில்லை என்பது அவர் தரப்பு. 2019 ஜூனில் பதவியிலிருந்து விலகினார்.

இதனால் தட்டைப் பற்றிய எல்லாமே பொய் என்று முடிவுகட்டுவதும் தவறு. மேலே தராசுமுள் எடுத்துக்காட்டிய பென்சில்வேனியா, கேம்பிரிட்ஜ் சோதனைகள் அந்த ஆய்வகத்தைச் சாராதவை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு 72 ஆய்வுகளைப் பார்த்து, பரிமாறும் அளவும் பொட்டலமும் பாத்திரமும் பெரிதானால் மக்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்றது. ஆனால் அதில் வலுவான சங்கதி பரிமாறும் அளவு. 2014-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வின்படி, முன்னால் வைக்கும் உணவை இரட்டிப்பாக்கினால் சாப்பிடுவது சராசரியாக 35 சதவீதம் கூடுகிறது. தட்டை மாற்றுவது அந்த அளவை மறைமுகமாகத் தொடும் முயற்சி. நேரடியாகக் கரண்டியையே பிடித்துவிட்டால் நடுவில் இத்தனை "ஆனால்"கள் வேண்டியதில்லை.

எனவே எங்காவது "தட்டை மாற்றினால் இத்தனை சதவீதம்" என்று படித்தால், யார் பரிமாறினார்கள், மறுபடி போட்டுக்கொள்ள முடிந்ததா, சாப்பிட்டதை எடைபோட்டார்களா அல்லது தட்டில் எடுத்துவைத்ததை மட்டுமா என்று பாருங்கள். கடைசிக் கேள்வியில்தான் பல செய்திக் கட்டுரைகள் சறுக்குகின்றன. தட்டில் விழுந்ததெல்லாம் வயிற்றுக்குப் போவதில்லை.

பதில் 3: அளவுக்கரண்டி

ஆய்வுகளைப் பற்றி நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் என்ன செய்வது என்பதை நான் எழுதுகிறேன்.

தட்டு வாங்கும்முன் விளிம்பைப் பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் விட்டம் ஓரத்திலிருந்து ஓரம் வரை எடுத்த அளவு. உணவு உட்காருவது உள்ளே இருக்கும் பள்ளத்தில். 28 செ.மீ. தட்டுக்குச் சுற்றிலும் 3.5 செ.மீ. அகலமான விளிம்பு இருந்தால் பள்ளம் 21 செ.மீ. மட்டுமே. 25 செ.மீ. தட்டுக்கு விளிம்பு 1 செ.மீ. என்றால் பள்ளம் 23 செ.மீ. பரப்பைக் கணக்கிட்டால், அந்தச் "சின்ன" தட்டு பெரியதைவிட 20 சதவீதம் கூடுதலாகக் கொள்ளும். அளவுகோலைப் பள்ளத்தின் குறுக்கே, சரிவு தொடங்கும் இடத்திலிருந்து எதிர்ப்புறச் சரிவு வரை வைத்து அளந்த பிறகு வாங்குங்கள்.

அடுத்து, உயரம். இதை யாரும் கவனிப்பதில்லை. 24 செ.மீ. பள்ளத்தில் 1.5 செ.மீ. உயரத்துக்குச் சமமாகப் பரப்பிய உணவின் கனஅளவு ஏறத்தாழ 680 மி.லி. அதே 680 மி.லி.யை 20 செ.மீ. பள்ளத்தில் அடக்க எவ்வளவு உயரம் வேண்டும் தெரியுமா? 2.2 செ.மீ.க்கும் சற்றுக் குறைவு. வெறும் 7 மி.மீ. கூடுதல். மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த 7 மி.மீ. தெரியவே தெரியாது. சாதம் போன்று குவியக்கூடிய உணவு சின்னத் தட்டில் குன்றாக ஏறிவிடும். அதனால்தான் தட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கரண்டியை வைத்துக்கொண்டால் எதுவும் மாறுவதில்லை.

கரண்டிக்கு வருவோம். ஒரு கரண்டியில் தண்ணீரை நிரப்பி அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். 120 மி.லி. கரண்டி என்றால், தலைதட்டிய அளவில் சாதம் சுமார் 80 கிராம். அது ஏறக்குறைய 100 கலோரி. அதே கரண்டியைக் குவித்து எடுத்தால் 120 கிராமைத் தாண்டுவது சாதாரணம். "மூன்று கரண்டி" என்று ஒரே வாயால் சொல்லும் இரண்டு பேருக்கு நடுவே 120 கிராம் வித்தியாசம் வந்துவிடும். தட்டை மாற்றிக் கிடைக்கும் பலனைவிட இது பெரிது. பாத்திரத்தின் ஓரத்தில் கரண்டியை ஒரு முறை இழுத்துத் தலைதட்டும் பழக்கம் வந்தால் எண்ணிக்கைக்கு அர்த்தம் வரும்.

சோதனைக்கு வேண்டியவை: 5 கிலோ வரை தாங்கும், 1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு, பெரியதும் சின்னதுமாக இரண்டு வகைத் தட்டு, ஒரு குறிப்பேடு. பீங்கான் தட்டே 600, 700 கிராம் இருக்கும் என்பதால் 1 கிலோ தராசு போதாது. பெரிய தட்டை ஏற்றினால் தராசின் எண் திரை மறைந்துபோகும். ஒரு சின்னக் கிண்ணத்தைத் தராசின் நடுவில் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்தால் திரை தெரியும். கிண்ணத்தோடு சேர்த்துப் பூஜ்ஜியமாக்கிவிட்டுத் தொடங்குங்கள். பல தராசுகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்து, பூஜ்ஜியத்தையும் மறந்துவிடும். எனவே வெறும் தட்டின் எடையை முதலிலேயே எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் மொத்த எடையைக் குறித்துக் கழிப்பதுதான் பத்திரமான முறை.

ஒரு வேளைக்கான கணக்கு இப்படிப் போகும். வெறும் தட்டு 640 கிராம். பரிமாறிய பின் 1,085. ஆக, முதலில் போட்டது 445. மறுபடி போட வரும்போது தட்டு 790, போட்ட பின் 905, கூடுதல் 115. சாப்பிட்டு முடித்ததும் தட்டு 680, மிச்சம் 40. மொத்தம் 445-ஐயும் 115-ஐயும் கூட்டி, 40-ஐக் கழித்தால் 520 கிராம். எலும்பு, தோல், கொட்டை போன்றவை மிச்சத்தில் இருந்தால் அவை சாப்பிடக்கூடியவை அல்ல. போட்ட அளவிலிருந்தே நீக்கிவிடுங்கள். மறுபடி போட்டதை எழுத மறந்தால் சோதனை முழுவதும் வீண். சின்னத் தட்டுக்காரர்களின் கணக்கு சரியாக அந்த இடத்தில்தான் ஓட்டையாகும்.

தட்டுகளை வாரத்துக்கு ஒன்று என்று பிரிக்காதீர்கள். முதல் வாரம் ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டாவது வாரம் விசேஷச் சமையல் என்று வந்தால் குற்றம் தட்டின்மேல் விழும். பெரியது, சின்னது, சின்னது, பெரியது என்ற வரிசையில் மாற்றிக்கொண்டே போங்கள். ஒரே வேளையை மட்டும், உதாரணமாக இரவுச் சாப்பாட்டை மட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும், அடுத்த மூன்று மணி நேரத்தில் கொறித்தது ஏதாவது உண்டா என்பதையும் எழுதுங்கள். தட்டில் குறைந்த 60 கிராம் ஒன்பது மணிக்கு பிஸ்கட்டாகத் திரும்பிவந்தால், குறைந்ததாகக் கணக்கில்லை.

ஒவ்வொரு தட்டுக்கும் பத்து வேளையாவது வேண்டும். ஏனென்றால், ஒரே ஆள் நாளுக்கு நாள் சாப்பிடும் அளவே 80 கிராம் வரை முன்பின்னாக ஆடும். அந்த ஆட்டத்தில் பத்துக்குப் பத்து வேளை ஒப்பிட்டால், சராசரிகளுக்கு இடையே சுமார் 70 கிராமுக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்ப முடியாது. மூன்று நாள் சோதித்துவிட்டு "30 கிராம் குறைந்தது" என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. நால்வரின் கணக்கையும் தனித்தனியே போட்டு, ஒவ்வொருவரின் வித்தியாசமும் ஒரே திசையில் போகிறதா என்று பாருங்கள்.

எடைபோடுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் அளந்து சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களிடம் "எந்த உணவு எவ்வளவு செலவாகிறது என்று கணக்கெடுக்கிறோம்" என்று மட்டும் சொல்லி, தட்டைப் பற்றிப் பேசாமல் இருங்கள். முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பதில் 4: பந்திவரிசை

வீட்டைவிடக் கேன்டீனிலும் விடுதியிலும்தான் தட்டின் அளவுக்கு நிச்சயமான பலன் இருக்கிறது. அது வேறொரு கணக்கில் தெரியும்: குப்பைத்தொட்டியில்.

2013-இல் நார்வேயைச் சேர்ந்த கால்பெக்கன், சேலன் இருவரும் ஹோட்டல் பஃபேக்களில் செய்த ஆய்வு இதற்கு நல்ல சான்று. 24 செ.மீ. தட்டுக்குப் பதில் 21 செ.மீ. வைத்தார்கள். உணவு வீணாவது சுமார் 20 சதவீதம் குறைந்தது. விருந்தினர்களின் திருப்தியில் சரிவு இல்லை. "ஒரே தடவையில் எல்லாம் எடுக்க வேண்டாம், எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்" என்ற பொருளில் ஓர் அறிவிப்புப் பலகை வைத்த ஹோட்டல்களிலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. தட்டு வாங்கப் பணம் இல்லை என்றால், பலகையில் தொடங்கலாம்.

தட்டை மாற்றும்போது தவறாகப் போகும் இடங்கள் சில. பெரியதையும் சின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் பசியோடு வருகிறவர் பெரியதைத்தான் எடுப்பார். ஒரே அளவு மட்டும் இருக்க வேண்டும். பழைய தட்டுகளைக் கிடங்கில் வைத்திருந்தால், கூட்டம் அதிகமான நாளில் யாராவது எடுத்து அடுக்கிவிடுவார்கள். தட்டு கழுவும் இயந்திரத்தின் கூடையிலும், தட்டு அடுக்கும் ஸ்பிரிங் வண்டியிலும் 21 செ.மீ. தட்டு ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு டஜன் வாங்கிப் பார்த்த பிறகு மொத்தமாக ஆர்டர் கொடுங்கள். இடைவெளி பொருந்தாவிட்டால் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விளிம்பு உடையும். இரண்டு தட்டு ஒட்டிய இடத்தில் அழுக்கும் போகாது.

இரண்டாம் நடை கூடும், வரிசை நீளும். அதற்கு முன்கூட்டியே வழிசெய்யாவிட்டால், "திரும்ப வர முடியாது" என்ற எண்ணத்திலேயே மக்கள் சின்னத் தட்டில் கோபுரம் கட்டுவார்கள். காய்கறிக்கும் சாலடுக்கும் வரிசையில் நிற்கத் தேவையில்லாத தனி மேசை போட்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும்.

ஒன்று முக்கியம். வீணாவது குறைந்தது என்பதை, சாப்பிடுவது குறைந்தது என்று படிக்கக் கூடாது. முன்பு தட்டில் எடுத்துக் கொட்டியதை இப்போது எடுக்கவேயில்லை. உள்ளே போனது அதே அளவாக இருக்கலாம். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். அளப்பது சுலபம்: பாத்திரத்தில் காலையில் வைத்த எடை, முடிந்ததும் மீந்த எடை, தொட்டியில் விழுந்த எடை, வந்த தலைகளின் எண்ணிக்கை. சமையலறை மிச்சமும் தட்டு மிச்சமும் ஒரே தொட்டியில் விழுந்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு நிறத் தொட்டி வையுங்கள்.

பதில் 5: சத்துமணி

எல்லோரும் கிராமைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் எந்த உணவு குறைகிறது என்று கேட்கிறேன்.

தட்டு சுருங்கும்போது முதலில் இடமிழப்பது காய்கறி. அது பருமன் அதிகமானது, இடத்தை அடைத்துக்கொள்ளும். சாதமோ ரொட்டியோ முதலில் விழுந்துவிட்டால், மீதமிருக்கும் ஓரத்தில் காய் ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். 100 கிராம் சாதத்தில் ஏறத்தாழ 130 கலோரி. எண்ணெய் அதிகம் சேர்க்காமல் வேகவைத்த பெரும்பாலான காய்களில் 100 கிராமுக்கு 30 முதல் 50 கலோரிதான். 100 கிராம் காயை வெட்டிவிட்டு 50 கிராம் சாதத்தைக் கூட்டியவர், தட்டில் 50 கிராம் குறைத்தும் கலோரியில் கூடுதலாகச் சாப்பிட்டிருப்பார். எண்ணெயைத் தட்டால் பார்க்கவே முடியாது: ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, எந்த விட்டத்திலும் அது இடம் பிடிப்பதில்லை.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் காய், தட்டின் பாதி வரை. அடுத்து பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம், கால் பங்கு. கடைசியில் மாவுச்சத்து, மிஞ்சிய காலில். மறுபடி போட்டுக்கொள்வதென்றால் அதே விகிதத்தில் போடட்டும், அல்லது காயை மட்டும் போடட்டும். இந்தப் பாதி, கால், கால் பிரிப்புக்கு 23 செ.மீ. பள்ளம் வசதியானது. 18 செ.மீ.க்குக் கீழே போனால் பெரியவர்களுக்குக் காய் அடங்காது. காய்க்குத் தனிக் கிண்ணம் வைத்துவிடுங்கள். கோடு போட்ட தட்டுகளுக்குச் சான்று உண்டு: கனடாவின் கல்கரியில் நீரிழிவும் உடல்பருமனும் உள்ள 130 பேரிடம் செய்து 2007-இல் வெளிவந்த சோதனையில், ஆறு மாதத்தில் அளவு பிரித்த தட்டைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக உடலெடையில் 1.8 சதவீதம் இழந்தார்கள், மற்றவர்கள் 0.1 சதவீதம். அங்கே தட்டு கண்ணை ஏமாற்றவில்லை, எவ்வளவு போட வேண்டும் என்று நேரடியாகக் காட்டியது. அதனால் பசித்தவருக்கும் அது வேலை செய்யும்.

குழந்தைகள் விஷயத்தில் தட்டின் பலன் இன்னும் தெளிவு. 2013-இல் அமெரிக்காவில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பெரியவர்களின் தட்டும் கிண்ணமும் கொடுத்தபோது பெரும்பாலான பிள்ளைகள் அதிகமாகப் போட்டுக்கொண்டார்கள். கூடுதலாகப் போட்டதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக உண்மையிலேயே சாப்பிட்டார்கள். மீதி மிச்சம். இதில் இரண்டு பாடம் உண்டு: பிள்ளைக்குப் பிள்ளையின் தட்டு கொடுங்கள், "தட்டைக் காலி செய்" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த மிச்சம்தான் பிள்ளை தன் வயிற்றைக் கேட்டு நிறுத்திய இடம்.

யாருக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு வேளை உணவைக் குறைக்கக் கூடாது; மருந்து பழைய அளவுக்கே வேலை செய்து சர்க்கரையைத் தாழ்த்திவிடும். கர்ப்பிணிகள், நோயிலிருந்து தேறுகிறவர்கள், உணவைக் கண்டு பயப்படும் மனநிலையில் இருப்பவர்கள் ஆகியோரின் தட்டைத் தராசில் ஏற்றாதீர்கள். வயதானவர்களுக்குப் பெரும்பாலும் குறைவாகச் சாப்பிடுவதே பிரச்சினை. முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் பாஸ்டனில் நடத்தி 2004-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், வெள்ளைப் பாத்திரத்துக்குப் பதில் பளிச்சென்ற சிவப்புத் தட்டும் கோப்பையும் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடின. வெள்ளைத் தட்டில் வெளிறிய உணவு அவர்கள் கண்ணுக்குப் பிரிந்து தெரியவில்லை. அந்த வீட்டில் மாற்ற வேண்டியது தட்டின் நிறம், விட்டமல்ல.

வளையம்

எல்லோருக்கும் நன்றி. இரவுச் சாப்பாட்டில் இருபது வேளைச் சோதனையைத் தொடங்குகிறேன். எழுதிவைக்கும் வேலை என்னுடையது, தட்டைப் பற்றி யாரிடமும் பேசப்போவதில்லை. கரண்டியை இரண்டு தட்டுக்கும் ஒன்றாகவே வைக்கலாமா, சின்னத் தட்டுக்குச் சின்னக் கரண்டியா? இன்னொரு சந்தேகம்: சூப், கஞ்சி போன்றவற்றைக் கிண்ணத்தில் சாப்பிடுகிறோம். அதற்கும் இதே கணக்கா?

பதில் 6: அளவுக்கரண்டி

சோதனை முடியும் வரை கரண்டியை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால், குறைந்தது எதனால் என்று பிரிக்க முடியாது. தட்டின் விடை கிடைத்த பிறகு, தட்டைப் பழையபடி வைத்துக்கொண்டு கரண்டியை மட்டும் 120-இலிருந்து 80 மி.லி.க்கு மாற்றி இன்னொரு சுற்று ஓட்டுங்கள்.

கிண்ணத்தில் கணக்கு வேறு. தட்டில் விட்டத்தின் வர்க்கம் என்றால், ஒரே வடிவமுள்ள கிண்ணங்களில் விட்டத்தின் கனம், அதாவது முப்படி. 16 செ.மீ. கிண்ணத்திலிருந்து 14-க்கு இறங்கினாலே கொள்ளளவு மூன்றில் ஒரு பங்கு குறையும். திரவம் குன்றாகக் குவியாது. விளிம்பைத் தாண்டினால் வழியும். அதனால் கிண்ணத்தின் அளவு, தட்டின் அளவைவிட உண்மையான தடை. ஆனால் மேலே போகப் போகக் கிண்ணம் அகலமாவதால் கண் இங்கே வேறுவிதமாக ஏமாறும். அரைக்கோள வடிவில் 14 செ.மீ. கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு சுமார் 720 மி.லி. பாதி உயரத்துக்கு, 3.5 செ.மீ. வரை ஊற்றினால் 225 மி.லி.தான் இருக்கும், மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. பாதிக் கொள்ளளவு வேண்டுமென்றால் 4.5 செ.மீ.க்குச் சற்று மேலே போக வேண்டும். விளிம்புக்குக் கீழே இருக்கும் கடைசி ஒரு செ.மீ.யில் மட்டும் 150 மி.லி. ஒளிந்திருக்கிறது. "கொஞ்சம் குறைத்து ஊற்றினேன்" என்று ஒருவர் சொல்வதும், "அரைக் கிண்ணம்தான்" என்று இன்னொருவர் சொல்வதும் எண்ணில் எங்கேயோ போய் நிற்கும்.

கிண்ணத்துக்குத் தராசைவிட ஒரு குறி எளிது. அளவுக் குவளையால் 250 மி.லி. தண்ணீரை ஊற்றுங்கள். நீர்மட்டம் எந்தப் பூவேலைப்பாட்டை, எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பாருங்கள். எதையும் தொடாவிட்டால் கிண்ணத்தின் வெளிப்புறத்தில் அதே உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். உட்புறத்தில் மார்க்கரால் கோடு போடாதீர்கள். சூடான சூப்பில் மை கரைந்து கலக்கும். வெளிப்புற டேப் பாத்திரம் கழுவும்போது நான்கைந்து நாளில் உரிந்துவிடும். உரிந்ததும் தண்ணீரால் மறுபடி அளந்தே ஒட்டுங்கள், நினைவிலிருந்து ஒட்டினால் ஒவ்வொரு முறையும் அரை செ.மீ. மேலே ஏறிவிடும்.